பத்திரப் பதிவுக்கு முன் அல்ல, அட்வான்ஸுக்கு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் வீடோ மனையோ வாங்குவதற்கு வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. கிரயப் பத்திரத்தை உரிமம் பெற்ற ஆவண எழுத்தர் எழுதலாம், வழக்கறிஞர் எழுதலாம், வாங்குபவரும் விற்பவருமே எழுதிக்கொள்ளலாம். அதனால் பலர் வழக்கறிஞரை வீண்செலவாக நினைக்கிறார்கள். 30 லட்ச ரூபாய் மனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாக 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் கட்டுகிறவர்கள், பத்திரங்களைப் படித்துப் பார்க்கும் ஒருவருக்குக் கொடுக்கும் பணத்தில்தான் கையைச் சுருக்குகிறார்கள். சுருக்கக் கூடாத இடம் அது.

‘சார்பதிவாளர் பார்த்துத்தானே பதிவு செய்கிறார்?’ என்று கேட்பார்கள். அவர் பார்ப்பது வேறு. கையெழுத்திட வந்தவர் அவர்தானா, தீர்வை சரியாகக் கட்டப்பட்டதா, வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மதிப்பு) என்ன என்பவை அவர் பொறுப்பு. கோயில் நிலம், அரசு நிலம் போன்ற சிலவற்றைப் பதிய மறுக்கவும் அதிகாரம் உண்டு. ஆனால் விற்பவருக்கு அந்தச் சொத்தில் உண்மையிலேயே உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை அன்று. தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை 2025 ஏப்ரலில் ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொன்னது. பதிவு முடிந்துவிட்டது என்பதற்காகச் சொத்து உங்களுடையதாகிவிடாது. விற்றவருக்கு இருந்த உரிமைதான் உங்களுக்கு வரும், அதற்கு மேல் ஒரு சென்ட்கூட வராது.

அந்த உரிமையைத் தேடிப் பார்ப்பதுதான் வழக்கறிஞரின் வேலை. தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது சொத்தின் பழைய மூலப் பத்திரத்திலிருந்து, இன்றுவரை சொத்து யார் யார் கைக்கு எப்படி வந்தது என்று வரிசையாகப் படித்து, எழுத்தில் தருவது சட்டக் கருத்துரை. லீகல் ஒபினியன் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஓர் இந்துக் குடும்பத் தலைவர் 1987இல் சொந்தப் பணத்தில் மனை வாங்குகிறார். உயில் எழுதாமல் 2009இல் இறக்கிறார். மகன்கள் இருவரும் 2012இல் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துகொள்கிறார்கள். பட்டாவும் அவர்கள் பெயருக்கு மாறிவிட்டது. வில்லங்கச் சான்றில் கடன் ஏதும் இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் குறையே தெரியாது. வழக்கறிஞர் வாரிசுச் சான்றிதழைக் கேட்பார். அதில் மனைவியும் மகளும் இருப்பார்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர்களுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு உண்டு. தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா? அடுத்த கேள்வி இன்னும் நுட்பமானது: 2009இல் குடும்பத் தலைவர் இறந்தபோது அவருடைய தாய் உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு, அவருக்கும் ஒரு பங்கு. அவர் பின்னாளில் உயில் இல்லாமல் இறந்திருந்தால் அந்தப் பங்கில் அவருடைய மற்ற பிள்ளைகளுக்கு, அதாவது இப்போது சொத்தை விற்க வரும் மகன்களின் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும்கூட உரிமை போயிருக்கும். பத்து வருடம் கழித்து வழக்கு வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட விடுபட்ட கையெழுத்துகளால்தான். ‘அவர்களெல்லாம் ஒன்றும் கேட்க மாட்டார்கள்’ என்ற தரகரின் வாக்குறுதி நீதிமன்றத்தில் செல்லாது.

வில்லங்கச் சான்று அவசியம்தான், ஆனால் பதிவான ஆவணங்களை மட்டுமே அது காட்டும். உயிலைப் பதிய வேண்டும் என்ற கட்டாயமில்லை, எனவே பதியாத உயில் அதில் வராது. நிலுவையில் இருக்கும் வழக்கும் பெரும்பாலும் தெரியாது. வழக்கு நடக்கும்போது வாங்கினால், 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி அதன் தீர்ப்பு உங்களையும் கட்டும். பட்டாவும் வருவாய்த்துறையின் பதிவுதான், அது மட்டுமே உரிமைக்கு முடிவான ஆதாரம் ஆகாது.

கிராமப்புற நிலமென்றால், நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். 1892 முதல் பட்டியல் சாதி மக்களுக்கு நிபந்தனையோடு வழங்கப்பட்ட பஞ்சமி நிலம் எத்தனை கை மாறியிருந்தாலும் மற்றவர்கள் வாங்கியது செல்லாது. அந்த நிலத்துக்கு உரியவர்கள் அதை இழந்த கதை நெடியது. தெரியாமல்கூட அதில் பங்காளி ஆகிவிடக் கூடாது. மைனர் பிள்ளையின் பங்கைத் தந்தையோ தாயோ விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லையென்றால் அந்தப் பிள்ளை 18 வயதான பின் மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டுக் கிரயத்தை ரத்து செய்ய முடியும். உரிமையாளர் சார்பில் செயல்படப் பவர் (அதிகாரப் பத்திரம்) வாங்கியவர் விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்தாரா என்பதை அறிய வேண்டும். வெறும் பவரையும் ஒப்பந்தத்தையும் வைத்துச் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது.

இவ்வளவையும் பார்ப்பதற்கு ஏற்ற நேரம், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்புதான். பணம் கைமாறிய பிறகு குறை தெரிந்தால் வழக்கறிஞர் எச்சரிக்க முடியும், பணத்தைத் திரும்ப வாங்குவது வேறு போராட்டம். கிரய ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை என்பது வருத்தம். அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வங்கி வழியாகவே கொடுங்கள்.

‘வங்கி வக்கீல் பார்த்துவிட்டார்’ என்பதையும் நம்பி உட்கார வேண்டாம். அவர் கடன் கொடுக்கும் வங்கிக்காகப் பார்க்கிறார். வீடு கட்டி விற்பவரின் வழக்கறிஞர் அவருக்காகப் பார்க்கிறார். உங்களுக்காகப் பார்க்க ஒருவர் வேண்டும்.

விற்பவருக்கும் இது பொருந்தும். சொத்திலோ உரிமையிலோ வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத குறை இருந்து, நீங்கள் அறிந்தே மறைத்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு அதை மோசடியாகவே கருதுகிறது. மீதித் தொகை எப்போது வர வேண்டும், வராவிட்டால் அட்வான்ஸ் என்னவாகும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத வைக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

கட்டணம் கட்ட வழியில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் வழக்கு நடத்துவதை மட்டுமல்ல, சட்ட ஆலோசனை தருவதையும் இலவச உதவியில் சேர்த்திருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்கு அரசு நிர்ணயித்த வருமான வரம்பு உண்டு. பாகப்பிரிவினையில் கையெழுத்துக் கேட்கப்படும் ஒரு பெண், கையெழுத்திடுவதற்கு முன் தன் பங்கு என்ன என்று இந்த உதவியின் கீழ் இலவசமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், தாலுகா நீதிமன்றங்களில் வட்ட சட்டப்பணிகள் குழுவும் இயங்குகின்றன. தொலைபேசி உதவி எண் 15100.

யாரிடம் போனாலும் தாய்ப்பத்திரம் முதல் எல்லாப் பத்திரங்களின் நகல், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படம், வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், வரி ரசீது ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கட்டணத்தை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். கருத்துரையை வாய்மொழியாக வாங்காமல், வழக்கறிஞரின் பதிவு எண்ணும் கையெழுத்தும் தேதியும் உள்ள தாளாகக் கேட்டு வாங்குங்கள்.