ஆட்டிசம் சான்றிதழ் வாங்கப் போறீங்களா? அங்க என்ன கேப்பாங்கன்னு தெரிஞ்சுட்டு போங்க

நிறைய அப்பா அம்மா யுடிஐடி போர்ட்டல்ல (மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் கார்டுக்கும் அப்ளை பண்ற மத்திய அரசு வெப்சைட்) அப்ளை பண்ணிட்டு, கவர்மெண்ட் ஆஸ்பத்திரில என்ன கேப்பாங்கன்னே தெரியாம போய் உக்காந்துடறாங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2016 சட்டத்துல இருக்குற 21 வகை குறைபாட்டுல ஆட்டிசமும் ஒண்ணு, ஆனா பெரும்பாலான சலுகைக்கு குறைபாடு 40 சதவீதமாவது வரணும். அந்த சதவீதத்தை ஐசான்னு ஒரு அளவுகோல் வச்சுதான் போடுவாங்க.

அதுல 40 விஷயம் இருக்கு. கண்ணைப் பாக்குறானா, சொன்னதையே திருப்பிச் சொல்றானா, ஆபத்துன்னா பயம் இருக்கா, தன்னைத்தானே அடிச்சுக்கிறானா, இப்படி. ஒவ்வொண்ணுக்கும் 1லேர்ந்து 5 வரைக்கும் மார்க், மார்க் ஏற ஏற பிரச்சனை அதிகம்னு அர்த்தம். மொத்தம் 70 வந்தா 40 சதவீதம், 158 தாண்டினா 100 சதவீதம்.

இங்கதான் நம்ம ஆளுங்க கோட்டை விடறாங்க. ஐசா கேக்குறது "எவ்ளோ அடிக்கடி நடக்குது"ங்கறது. நாம என்ன பண்றோம், டாக்டர் முன்னாடி பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசு வராம "இல்ல டாக்டர், நான் சொன்னா செய்வான்"னு சொல்லிடறோம், நாலு தடவை கூப்பிட்டு தோளைத் தொட்டு அப்புறம் திரும்புனதை எல்லாம் கணக்குலயே சேக்கறதில்ல. கூட்டியும் சொல்ல வேணாம், குறைச்சும் சொல்ல வேணாம், சாதாரண நாள்ல வீட்ல நடக்கறதை அப்படியே சொல்லுங்க. முன்னாடியே ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கறதும், ஸ்கூல் மிஸ்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக்கறதும் நல்லது.

இன்னொண்ணு, இது எனக்கே பிடிக்காத விஷயம். சட்டை பட்டன் போடறது, குளிக்கறது, பாத்ரூம் போயிட்டு சுத்தம் பண்றது, கடைல மிச்சம் காசு வாங்கறது, இதெல்லாம் அந்த 40லயும் கிடையாது. இங்கிலீஷ்ல கடகடன்னு பேசற, ஆனா 14 வயசுலயும் அம்மா குளிப்பாட்டி விடற பையன் எத்தனை பேர் இருக்காங்க! அறிவுத்திறன் குறைபாடும் இருக்குன்னு சந்தேகம் இருந்தா அதுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லி கேட்டுப் பாருங்க, அந்த டெஸ்ட்ல இந்த அன்றாட வேலை எல்லாம் வரும்.

40 சதவீதம் வந்துட்டா 6லேர்ந்து 18 வயசு வரைக்கும் இலவசப் படிப்பு உரிமை. பரீட்சைல கையால எழுதறதுலயோ, எழுதற வேகத்துலயோ பிரச்சனை இருந்தா பதிலுக்கு எழுதறதுக்கு ஆள், மணிக்கு குறைஞ்சது 20 நிமிஷம் கூடுதல் நேரம்னு மத்திய அரசு 2018லயே விதி போட்டிருக்கு. நேஷனல் டிரஸ்ட்டுங்கற மத்திய அரசு அமைப்போட நிராமயா மருத்துவ இன்சூரன்ஸ்ல வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும் கவர், தெரபி செலவும் அதுல வரும், முதல்ல நாம கட்டிட்டு பில்லைக் குடுத்து வாங்கணும், அதனால எந்த பில்லையும் தூக்கிப் போடாதீங்க.

18 முடிஞ்சதும் சட்டப்படி பெத்தவங்க தானா கார்டியன் ஆகிட முடியாது, கலெக்டர் தலைமைல இருக்குற உள்ளூர் கமிட்டிக்கு தனியா மனு போடணும். பேங்க் கணக்கு, சொத்து விஷயம் எதாவது இருந்தா 17லயே விசாரிச்சு வச்சுக்கோங்க.