சொட்டு விட்டால் மஞ்சள்: தண்ணீரை நிறம் பார்த்துப் பயப்படாதீர்கள்

“தண்ணீர் மெஷின் விற்க வந்தவர்கள் எங்கள் குழாய்த் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுக் காட்டினார்கள், மஞ்சளாகிவிட்டது. இதைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோமா?” நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு வாரம் தவறாமல் வரும் கேள்வி இது. இன்னொரு கேள்வியும் கூடவே வரும்: “ஆர்.ஓ. தண்ணீர் மஞ்சளாகிறது, அல்கலைன் (காரத் தண்ணீர்) மெஷின் தண்ணீர் நீலமாகிறது. அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீர் அமிலமா?” இரண்டுக்கும் முதல் பதில் ஒன்றுதான். விட்டது என்ன சொட்டு என்று கேளுங்கள். பாட்டிலில் பெயர் இல்லையென்றால் அந்தச் சோதனைக்கு மதிப்பே இல்லை.

முதல் மஞ்சளுக்கும் அமிலத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அந்தச் சொட்டு பெரும்பாலும் ஆர்த்தோடொலிடின். பஞ்சாயத்து ஊழியர்கள் குளோரோஸ்கோப்பில், அதாவது குளோரின் அளவு பார்க்கும் கருவியில், பயன்படுத்தும் அதே மருந்து. தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாகும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, குளோரின் கலந்த தண்ணீர் வீட்டுக்கு வந்து சேரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்கிறது. ஆக, இளமஞ்சள் வந்தால் கிருமிநாசினி உங்கள் குழாய்வரை வந்திருக்கிறது என்று அர்த்தம். வடிகட்டி மெஷினில் உள்ள கரி அந்தக் குளோரினை எடுத்துவிடுகிறது. அதனால் அந்தத் தண்ணீரில் நிறம் வராது. பாதுகாப்பின் அடையாளத்தைக் காட்டி விஷம் என்று பயமுறுத்தி விற்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? இரும்புக் கம்பிகளைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சிப் பழுப்பாக்கிக் காட்டுவதும் இதே ரகம்தான். கரைவது கம்பி. உப்புக் குறைந்த ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாததால் அது தெளிவாகவே நிற்கும்.

இரண்டாவது மஞ்சள்தான் உண்மையான நிறங்காட்டியின் வேலை. பெரும்பாலும் புரோமோதைமால் நீலமோ, பல சாயங்கள் கலந்த பொது நிறங்காட்டியோ இருக்கும். நிறங்காட்டியும் ஒரு வலுக்குறைந்த அமிலம்தான். ஹைட்ரஜன் அயனியைப் பிடித்திருக்கும்போது ஒரு நிறம், விட்டுவிட்டால் வேறு நிறம். அமிலமா காரமா என்று அளக்கும் எண்தான் பிஎச்: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். எந்த பிஎச்-இல் விடும் என்பது சாயத்துக்குச் சாயம் மாறும். இங்கேதான் பள்ளியில் லிட்மஸோடு நின்றுவிட்ட பாடம் நம்மைத் தவறாக வழிநடத்துகிறது. நிறம் மாறும் இடம் 7 என்று பெரும்பாலோர் மனதில் பதிந்துவிட்டது. பாதிக்கு மேற்பட்ட குழப்பம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

மெத்தில் ஆரஞ்சு 3.1-இல் சிவப்பு, 4.4-இல் மஞ்சள். மெத்தில் சிவப்பு 4.4 முதல் 6.2-க்குள் சிவப்பிலிருந்து மஞ்சளாகும். புரோமோதைமால் நீலம் 6.0 வரை மஞ்சள், 7.6-க்கு மேல் நீலம், நடுவில் பச்சை. பினாப்தலீன் 8.3 அளவில்தான் இளஞ்சிவப்பு காட்டத் தொடங்கும். அதற்குக் கீழே 8 ஆனாலும் 2 ஆனாலும் நிறமே இல்லை. இப்போது மஞ்சளைப் பாருங்கள். மெத்தில் ஆரஞ்சில் மஞ்சள் என்றால் பிஎச் 4.4-க்கு மேல், அது 5 ஆகவும் இருக்கலாம், 11 ஆகவும் இருக்கலாம். புரோமோதைமாலில் அதே மஞ்சள் என்றால் 6-க்குக் கீழ். ஒரே நிறம், இரண்டு எதிரெதிர் செய்திகள். ஒற்றை நிறங்காட்டி பிஎச் எண்ணைச் சொல்லாது. தன் எல்லைக்கு மேலா, கீழா என்று மட்டுமே சொல்லும். எல்லைக்குள் இருந்தால்தான் நிற அட்டையோடு ஒப்பிட்டு ஓரளவு மதிப்பிட முடியும்.

சரி, ஆர்.ஓ. தண்ணீர் ஏன் 6-ஐ ஒட்டி நிற்கிறது? ஆர்.ஓ. மெஷினின் சவ்வு, அமிலத்தைத் தாங்கும் பைகார்பனேட்டைத் தடுத்துவிடும், கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயுவை விட்டுவிடும். சுத்தமான காய்ச்சி வடித்த நீரைத் திறந்து வைத்தாலே காற்றிலுள்ள அதே வாயுவால் பிஎச் 5.6 அளவுக்கு இறங்கும். பிஎச் 6 என்றால் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் ஹைட்ரஜன் அயனி. எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் இடையில் இருப்பது. அதில் ஹைட்ரஜன் அயனி இதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். எலுமிச்சையைப் பிழிந்து குடிக்கும் வயிறு, அதைவிட அமிலமான தன் சொந்தச் சாற்றை வைத்திருக்கும் வயிறு, ஆர்.ஓ. தண்ணீரின் அமிலத்தால் கெடாது. தரநிலை கேட்கும் 6.5 முதல் 8.5 என்ற எல்லைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று குழாய் அரிப்பு. அமிலம் உடலில் சேர்ந்துவிடும் என்று அந்த எல்லை வகுக்கப்படவில்லை.

பிஎச் வேறு, காரத்தன்மை வேறு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பதே காரத்தன்மை. 100 மி.லி. தண்ணீரில் மெத்தில் ஆரஞ்சு இரண்டு சொட்டு விட்டு, 0.02 நார்மல் செறிவுள்ள கந்தக அமிலத்தை மஞ்சள் மறையத் தொடங்கும்வரை சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பார்க்கிறோம். செலவாகும் ஒவ்வொரு மி.லி.க்கும், கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராம். 200 வரை ஏற்கத்தக்கது. பிஎச் 9 காட்டும் மெஷின் தண்ணீரில் தாதுக்கள் குறைவாக இருந்தால் இந்த எண்ணும் சின்னதாகத்தான் வரும்.

நீங்களே பாருங்கள். ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுப் புரோமோதைமால் விடுங்கள், பளிச்சென்று நீலமாகும். மெஷின் காட்டிய அதே நீலம். நீலமான மெஷின் தண்ணீரில் ஸ்ட்ரா வழியாக ஊதுங்கள். தாதுக்கள் குறைந்த தண்ணீர் என்றால் மூச்சுக்காற்றே கொஞ்ச நேரத்தில் மஞ்சளாக்கிவிடும். ஊத மட்டும் செய்யுங்கள், உறிஞ்சக் கூடாது. சொட்டு விட்ட எந்தத் தண்ணீரையும் வாயில் வைக்கக் கூடாது. ஆர்த்தோடொலிடின் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள், அதைக் கரைத்திருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில். டைனிங் டேபிளில் அந்தப் பாட்டிலைத் திறக்க யாரையும் விடாதீர்கள்.

வீட்டில் சோதித்தே ஆக வேண்டுமென்றால் சிலவற்றைக் கவனியுங்கள். 10 மி.லி. தண்ணீருக்கு இரண்டு மூன்று சொட்டு போதும். உப்பில்லாத தண்ணீரில் நிறங்காட்டியின் சொந்த அமிலமே பிஎச்-ஐ நகர்த்திவிடும், கூடுதலாக விட்டால் நீங்கள் பார்ப்பது சொட்டின் பிஎச். குளோரின் அதிகமுள்ள தண்ணீரில் சாயம் வெளுக்கும், அல்லது நீச்சல் குளங்களில் பினால் சிவப்புக்கு நடப்பதுபோல் வேறு சாயமாக மாறி ஊதா காட்டும். அதை உயர்ந்த பிஎச் என்று படித்துவிடாதீர்கள். வெள்ளைத் தாளுக்கு முன்னால், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஆர்.ஓ. தண்ணீருக்கு பிஎச் தாளை நம்ப வேண்டாம். மீட்டர் வைத்திருந்தால் 4, 7, 9.2 பஃபர்களில் (பிஎச் முன்பே தெரிந்த கரைசல்களில்) சரிபார்த்த பிறகு, எண் நிலைக்கும்வரை சில நிமிடம் காத்திருங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் தெரிவது பிஎச் மட்டும்தான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருந்தாலும் நிறங்காட்டி அழகான பச்சை காட்டும். நைட்ரேட்டும் கோலிபார்ம் கிருமியும் அப்படியே. பல்லையும் எலும்பையும் கெடுப்பவை, கைக்குழந்தையைப் படுக்க வைப்பவை இவைதான். தயவுசெய்து மெஷினுக்குப் பணம் கட்டுவதற்கு முன் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன. வேதியியல் சோதனைக்குச் சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்று இடைவெளி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும், அதை அலசக் கூடாது.