கவச வண்டியின் டயரில் குண்டு பட்டால்?

சக்கரம் வைத்த கவச வண்டியைப் பார்த்ததும் யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: உடம்பு முழுக்க எஃகுத் தகடு, சரி, கீழே இருப்பது ரப்பர்தானே, டயரில் சுட்டால் வண்டி நின்றுவிடாதா?

நிற்காது. டயருக்குள் ரிம்மைச் சுற்றிக் கெட்டியான ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். காற்று இறங்கினால் வண்டி அந்த வளையத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, வேகத்தைக் குறைத்தபடி இன்னும் பல கிலோமீட்டர் ஓடும். எட்டுச் சக்கர வண்டியில் ஒன்றிரண்டு சக்கரம் பிய்ந்து போனாலும் மற்றவற்றை வைத்து நொண்டியடித்து வெளியேறிவிடலாம். டாங்கியின் சங்கிலிப் பட்டையில் ஒரு கண்ணி அறுந்தால் அது அங்கேயே நின்றுவிடும்.

சக்கரத்தின் உண்மையான எதிரி மண். 20 டன் எடையுள்ள எட்டுச் சக்கர வண்டி என்றால் ஒரு சக்கரத்துக்கு 2.5 டன். டயருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ காற்றழுத்தம் இருந்தால், தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 500 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாளைவிடக் கொஞ்சம் சின்னது. தார்ச்சாலை இதைத் தாங்கும், சேறு தாங்காது. 60 டன் டாங்கியோ நீளமான பட்டையில் எடையைப் பரப்பிவிடுவதால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தத்தோடு போய்விடுகிறது.

முதல் உலகப் போர் இதை முகத்தில் அறைந்தாற்போல் காட்டியது. 1914-இல் ரோல்ஸ் ராய்ஸ் சொகுசுக் காரின் அடிச்சட்டத்தில் தகடு போர்த்தி, மேலே இயந்திரத் துப்பாக்கிக் கூண்டு வைத்துப் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவு களமிறக்கியது. அகழி வெட்டிச் சேறாகிப்போன மேற்குப் போர்முனையில் அதற்குச் சீக்கிரமே வேலையில்லாமல் போயிற்று. அதே கார் பாலைவனத்துக்குப் போனதும் ராஜாவாகிவிட்டது. எகிப்தின் மேற்குப் பாலையிலும் அரேபியாவிலும் கெட்டியான தரையில் ஒட்டகப் படையால் எட்ட முடியாத வேகத்தில் பறந்தது. சேற்றுக்கும் அகழிக்கும் விடையாக வந்ததுதான் டாங்கி.

சரி, சக்கரத்தை வைத்துக்கொண்டே சேற்றைக் கடக்க என்ன வழி? டயரின் காற்றைக் குறைப்பது. மேலே சொன்ன டயரில் அழுத்தத்தை 2 கிலோவாக இறக்கினால், அது தட்டையாகிப் பரப்பு 1250 சதுர சென்டிமீட்டர் ஆகும். இரண்டு ஏ4 தாள் அளவு. சாலைக்கு வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் டயர் சூடேறிக் கிழியும். ஒவ்வொரு முறையும் இறங்கிப் பம்பு அடிக்க முடியுமா? 1942-இல் வந்த அமெரிக்காவின் நீர்நில லாரியான டக்கில், ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே இதைச் செய்யும் வசதி வந்தது. நின்றிருக்கும் குழாயிலிருந்து சுழலும் சக்கரத்துக்குள் காற்று கசியாமல் போக வேண்டும் என்பதுதான் இதில் சிக்கல். சக்கரக் குடத்தில் சுழலும்போதும் இறுக்கிப் பிடிக்கும் அடைப்பு வளையம் அதைத் தீர்த்தது. வீரர்களை ஏற்றிச் செல்லும் சோவியத் பி.டி.ஆர். கவச வண்டிகளும் இதைப் பயன்படுத்தின. குண்டு துளைத்த டயருக்குக் கம்ப்ரசர் காற்றடித்துக்கொண்டே இருக்கலாம் என்பது கூடுதல் லாபம்.

என்னைக் கேட்டால், மிகக் குறும்பான விடை பிரான்ஸின் பனார்ட் ஈ.பி.ஆர். கவச வண்டி. எட்டுச் சக்கரங்களில் நடு நான்கும் பற்கள் வைத்த உலோகச் சக்கரங்கள். சாலையில் அவற்றைத் தூக்கிக்கொண்டு நாலு டயரில் ஓடும். சேறு வந்தால் இறக்கி மண்ணைக் கவ்வும்.

இவ்வளவு பாடுபட்டுச் சக்கரத்தை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? தொலைதூரம்தான் காரணம். சங்கிலிப் பட்டை வேகமாகத் தேயும், எரிபொருளைக் குடிக்கும்; தூரம் போக டாங்கியை டிரெய்லரில் ஏற்ற வேண்டும். சக்கர வண்டி தானே ஓடிப்போய்ச் சேரும். நீண்ட கடற்கரை உள்ள இத்தாலி, 105 மி.மீ. பீரங்கியை எட்டுச் சக்கரத்தில் ஏற்றி, மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டும் சென்டவ்ரோ வண்டியை உருவாக்கியது அதனால்தான்.

அப்புறம் கண்ணிவெடி. தட்டையான அடித்தளம் வெடிப்பின் உந்துதலை முழுசாக வாங்கிக்கொள்ளும். அதையே V வடிவில் மடித்து உயரத்தில் வைத்தால், வெடிப்பு இரு பக்கமும் வழிந்து போகும். தூரம் கூடக் கூட அதன் அழுத்தமும் சட்டெனக் குறையும். சக்கரமும் அச்சும் பிய்ந்து தெறிக்கும், உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்கள். 1970-களில் ரொடீசியாவும் (இன்றைய ஜிம்பாப்வே) தென்னாப்பிரிக்காவும் இதை வளர்த்தெடுத்தன. வெடிப்பைத் தணிக்க டயரில் தண்ணீர்கூட நிரப்பினார்கள். ஈராக்கில் சாலையோர வெடிகளில் வீரர்களை இழந்துகொண்டிருந்த அமெரிக்கா, 2007-இல் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் அழுத்தம் கொடுத்த பிறகே இவ்வகை வண்டிகளை ஆயிரக்கணக்கில் வாங்கியது.

உயரத்துக்கு ஒரு விலை உண்டு. எடையின் மையம் மேலே போனதால், சாலையோர மண் சரிந்தால் வண்டி குடை சாய்ந்தது. பக்கத்தில் கால்வாய் இருந்தால் அதற்குள்ளேயே போய் விழுந்தது. அதற்கென்றே ஒரு பயிற்சிக் கூண்டு செய்தார்கள். வீரர்களைப் பெல்ட் போட்டு உட்காரவைத்து, கூண்டைத் தலைகீழாகச் சுழற்றி நிறுத்துவார்கள். முதலில் ஒரு கையைக் கூரையில் ஊன்றிக்கொண்டு, அப்புறம்தான் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.