மல்டிமீட்டர் யார் கையில் இருக்கிறது?

பினாங்கு பாயான் லெப்பாஸில் சிப் பரிசோதனைப் பொறியாளராக வேலை செய்கிறேன். ஓய்வு நாள்களில் நம் பள்ளி மாணவிகளுக்கு அறிவியல் வழிகாட்டியாகப் போவது வழக்கம். ஆண், பெண் கலந்த குழுக்களில், மின்னழுத்தம் போன்றவற்றை அளக்கும் மல்டிமீட்டர் பெரும்பாலும் ஒரு பையன் கையில் இருக்கும். அவன் சொல்லும் அளவை அழகான கையெழுத்தில் குறித்துக்கொண்டிருப்பவள் ஒரு பெண்பிள்ளை. யாரும் அப்படிச் சொல்லவில்லை, தானாக அமைந்துவிடுகிறது.

அமெரிக்கக் குழந்தைகளிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று. 'ரொம்பக் கெட்டிக்காரர் யார்?' என்று கேட்டபோது 5 வயதில் ஆண், பெண் இரு தரப்புப் பிள்ளைகளும் தங்கள் தங்கள் பாலினத்தவரையே ஒரே அளவில் காட்டினார்கள். 6, 7 வயதில் சிறுமிகளிடம் அது குறைந்துவிட்டது. படிவம் 4-இல் (16 வயதில்) பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது பேசிக்கொள்ளலாம் என்று காத்திருப்பது ரொம்பத் தாமதம்.

அதனால் முதல் வேலையாகப் பொறுப்புகளை மாற்றிவிடுவேன். சின்ன எல்.இ.டி. விளக்கு, மின்தடை, 9 வோல்ட் பேட்டரி. இணைத்தும் எரியாவிட்டால், "எனக்கு வராதுக்கா" என்று பிள்ளை என்னிடம் நீட்டுவாள். நான் வாங்கமாட்டேன். "எதையெல்லாம் சோதிச்சுப் பார்த்தே?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எல்.இ.டி.யின் நீளமான கால் நேர்முனைப் பக்கம் வர வேண்டும்; மாறியிருந்தால் எரியாது. அதை அவளே கண்டுபிடித்துத் திருப்பி மாட்டட்டும். ஒரு சிப் ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவதற்கே எங்கள் துறையில் தனிப் பிரிவு இருக்கிறது, சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அப்புறம் சொல்வேன்.

பெற்றோர்களே, "நீ கெட்டிக்காரி" என்று பொதுவாகப் பாராட்டாதீர்கள். அடுத்த முறை தடுமாறினால் அவள் அதையே சந்தேகப்படுவாள். "கால் மாறியிருந்ததை நீயே கண்டுபிடிச்சே" என்று, செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

முன்மாதிரிக்கு வெகுதூரம் தேட வேண்டியதில்லை. 1972-இல் இங்கே ஏற்றுமதி ஆலைகளுக்கான சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கிய காலத்தில், மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துத் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைச் சிப்போடு இணைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு பாட்டி இருந்தால், பேத்தியை அவர் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச விடுங்கள்.

படிவம் 4 கூடுதல் கணிதத்தின் முதல் தேர்வில் மதிப்பெண் சரிவது சாதாரணம். சரிந்த வாரத்திலேயே பாடத்தை விட வைக்காதீர்கள். விடைத்தாளைப் பிரித்து, எந்த வரியில் தடம் மாறியது என்று அவளையே காட்டச் சொல்லுங்கள்.