தண்டவாளம் முடியும் இடம்: லைப்சிக் ரயில் நிலையம் எப்படி இயங்குகிறது?

ஜெர்மனியின் லைப்சிக் மத்திய ரயில் நிலையத்தின் முகப்பு 298 மீட்டர் நீளம். அதில் ஒரே அளவில் இரண்டு நுழைவு மண்டபங்கள், இரண்டு அகன்ற படிக்கட்டுகள். பார்ப்பவர்கள் இதைக் கட்டடக் கலைஞரின் சமச்சீர் மோகம் என்று எண்ணக்கூடும். உண்மையில் அது, அன்றைய ஜெர்மனிக்குள் இருந்த இரண்டு மாநில அரசுகளுக்கு இடையிலான எல்லைப் பங்கீடு. மேற்குப் பாதி பிரஷ்ய அரசு ரயில்வேக்கு, கிழக்குப் பாதி சாக்சனி அரசு ரயில்வேக்கு என்று பிரித்துத்தான் இதைக் கட்டினார்கள். கட்டியபோது மொத்தம் 26 நடைமேடைத் தடங்கள் இருந்தன. 1909-இல் அடிக்கல் நாட்டி, உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915-இல் வேலையை முடித்தார்கள். பிறகு அரசுகள் மாறி, ஜெர்மன் ரயில்வே முழுவதும் ஒன்றாகிவிட்டது. ஆனாலும் ஒரே கூரையின் கீழ் இருந்த இந்த இரண்டு பாதிகளும் 1934 வரை தனித்தனி நிர்வாகத்தில்தான் இருந்தன.

ஊர் நடுவே இத்தனை பெரிய நிலையம் வந்ததற்குக் காரணம் அதற்கு முந்தைய எழுபது ஆண்டுகளில் இருக்கிறது. 1839-இல் லைப்சிக்குக்கும் டிரெஸ்டனுக்கும் இடையே ஜெர்மனியின் முதல் நெடுந்தூர ரயில் பாதை திறக்கப்பட்டது. அடுத்தடுத்து மாக்டபுர்க், பவேரியா, துரிங்கியா, பெர்லின் பக்கங்களிலிருந்தும் பாதைகள் வந்தன. ஒவ்வொரு நிறுவனமும் பழைய நகரத்தின் விளிம்புவரை தண்டவாளத்தைக் கொண்டுவந்து, அங்கே தனக்கென ஒரு நிலையம் கட்டிக்கொண்டது. வீடுகளை இடித்துக்கொண்டு நகரத்தின் ஊடே செல்ல யாரும் முன்வரவில்லை. வடக்கு விளிம்பில் அருகருகே இருந்த மூன்று நிலையங்களின் இடத்தில்தான் மத்திய நிலையம் எழுந்தது. ஆகவே அதுவும் முனைய நிலையமாகவே அமைந்தது. வந்த ரயில், வந்த வழியே திரும்ப வேண்டும்.

பயணிக்கு இதைவிட வசதி வேறில்லை. படி ஏறி இறங்காமல், எல்லா நடைமேடைகளும் வந்து சேரும் ஒரே குறுக்கு மண்டபத்தில் நடந்தே ரயில் மாறிவிடலாம். ஆனால், ரயிலை இயக்குபவருக்கு இது ஓயாத தலைவலி. நீராவிக் காலத்தை எண்ணிப் பாருங்கள். பெட்டிகளை இழுத்து வந்த எஞ்சின், தடத்தின் முட்டுக்கட்டைக்கும் தன் பெட்டிகளுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். இன்னொரு எஞ்சின் மறுமுனையில் வந்து கோத்துக்கொண்டு பெட்டிகளை வெளியே இழுத்துச் சென்றால்தான் அதற்கு விடுதலை. அதுவரை அந்தத் தடத்தில் வேறு ரயில் வர முடியாது. இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உள்ள ரயில்கள் வந்த பிறகு இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது.

தீராத சிக்கல் நிலையத்துக்கு வெளியே இருக்கிறது. நடைமேடைத் தடங்கள் எல்லாம் புனலின் வாய்போலக் குவிந்து, சில பாதைகளாகச் சுருங்கும் இடம் அது. ஒரு பக்கப் பாதையில் வரும் ரயில் மறுபக்க நடைமேடைக்குப் போக வேண்டுமென்றால், நடுவிலுள்ள தடங்களை எல்லாம் வெட்டிக்கொண்டுதான் போக முடியும். அது கடந்து, ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்டுகள் மாறி, சிக்னல் விழும்வரை மற்ற ரயில்கள் காத்திருக்க வேண்டும். ஒரு முனைய நிலையத்தின் திறனை நடைமேடைகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் மதிப்பிட முடியாது. இந்தக் கழுத்துப் பகுதியில் எத்தனை ரயில்கள் ஒன்றையொன்று தடுக்காமல் ஒரே நேரத்தில் நகர முடியும் என்பதுதான் முக்கியம்.

1944 ஜூலை 7 அன்று அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் மேற்கு மண்டபமும் குறுக்கு மண்டபத்தின் கூரையும் இடிந்தன. கிழக்கு ஜெர்மனி அரசு இதைப் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டியது. அந்தப் பணி 1965-இல் நிறைவுற்றது. வறுமைக் காலத்தில் எடுத்த அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நகருக்கு அடியில் சுரங்கம் தோண்டி, பாதையைத் தெற்கோடு இணைக்கும் யோசனை நிலையம் கட்டிய காலத்திலேயே இருந்தது. சிறு பகுதி தோண்டவும் செய்தார்கள். போர் அதை நிறுத்திவிட்டது. மீண்டும் தோண்டத் தொடங்கியபோது இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்துவிட்டது. லைப்சிக்கின் அடியில் இருப்பது தளர்ந்த மண்ணும் நிலத்தடி நீரும். அதனால் ‘லியோனி’ என்று பெயரிடப்பட்ட துளையிடும் எந்திரம், தன் முகப்பில் களிமண் குழம்பை அழுத்தத்தோடு நிரப்பி, எதிரே உள்ள மண் சரியாதபடி தாங்கிக்கொண்டே முன்னேறியது. பின்னாலேயே கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பூட்டிக்கொண்டு வந்தது. 2007, 2008 ஆண்டுகளில் இரண்டு குழாய்களும் இப்படித் தோண்டப்பட்டன.

ஆனால் சுரங்கத்தின் தென்முனையில் ஒரு கட்டடம் குறுக்கே நின்றது. 1842-இல் திறக்கப்பட்ட பவேரிய நிலையத்தின் நான்கு வளைவு முகப்பு அது. ஜெர்மனியில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய முனைய நிலையத்தின் அடையாளம். நிலத்தடி நிலையத்துக்கான பள்ளம் சரியாக அதன் கீழே அமைய வேண்டும். இடிக்க மனமில்லை, 2006 ஏப்ரலில் சுமார் 2,800 டன் எடையுள்ள அந்த முகப்பை 30 மீட்டர் கிழக்கே நகர்த்தினார்கள்.

செங்கல்லும் கல்லும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசையையோ வளைக்கும் விசையையோ தாங்காது. ஒரு மூலை சற்று முன்னே போனாலே வளைவு வெடித்துவிடும். எனவே இத்தகைய வேலையில் சுவரை யாரும் தொடுவதில்லை. அடியில் விறைப்பான கான்கிரீட் சட்டம் ஒன்றை அமைத்து, கட்டடத்தின் பாரத்தை அதில் ஏற்றி, அந்தச் சட்டத்தைத்தான் ஹைட்ராலிக் ஜாக்குகளால் வழவழப்பான தடத்தில் தள்ளுகிறார்கள். உராய்வுக் கெழு 0.05, அதாவது எடையில் இருபதில் ஒரு பங்கு விசை போதும் என்று வைத்துக்கொண்டால், 2,800 டன்னை நகர்த்த 140 டன் விசையே போதும். விசையைத் திரட்டுவதைவிட எல்லா ஜாக்குகளையும் ஒரே வேகத்தில் நகரவைப்பதுதான் கடினம். கீழே வேலை முடிந்ததும், அக்டோபர் இறுதியில் முகப்பைப் பழைய இடத்துக்கே தள்ளிவந்து நிறுத்தினார்கள். ஒரு பழைய வாசலுக்காக இத்தனை பாடுபட்டதை வீண் செலவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2013 டிசம்பரில் சுரங்கம் திறக்கப்பட்டது. தெற்கிலிருந்து வரும் ரயில்கள் அதுவரை நகரைச் சுற்றிக்கொண்டுதான் மத்திய நிலையத்தை அடைந்தன. இப்போது புறநகர் ரயில்கள் நிலையத்துக்கு அடியில் நின்று, திரும்பாமல் நேராகச் சென்றுவிடுகின்றன. பவேரிய நிலையத்தின் எஞ்சிய கட்டடத்தில் 2000-இலிருந்து ஒரு மதுவாலை நடக்கிறது. உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்த்துப் புளிக்கவைக்கும் ‘கோசே’ என்ற உள்ளூர் பீர் அங்கே தயாராகிறது. மத்திய நிலையத்தின் குறுக்கு மண்டபத் தரையைத் திறந்து, கீழே இரண்டு தளங்களுக்குக் கடைவீதி அமைத்தது 1997-இல். 24-ஆம் தடத்தில் நீராவி எஞ்சின் உள்ளிட்ட பழைய வண்டிகள் காட்சிக்கு நிற்கின்றன.

மேல்தளத்தின் சிக்கல் மட்டும் முழுவதுமாகத் தீரவில்லை. பெர்லினிலிருந்து மியூனிக் செல்லும் அதிவேக ரயில் லைப்சிக்கில் நின்றால், இன்றும் திசை மாறித்தான் கிளம்ப வேண்டும். அந்த நிமிடங்களை மிச்சப்படுத்துவதற்காக நிறுத்தங்கள் குறைந்த ‘ஸ்பிரின்டர்’ ரயில்கள் லைப்சிக்குக்குள் நுழையாமல் பக்கத்து ஊரான ஹாலே வழியாகச் செல்கின்றன.