பாறமட: சொல் விளக்கம்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழ் பேசும் வீடுகளில் "மாமா பாறமட வேலைக்குப் போயிருக்காரு" என்பது சாதாரணப் பேச்சு. பாறையை உடைத்துக் கல் எடுக்கும் இடம்தான் பாறமட. தமிழ்நாட்டுப் பக்கம் கல்குவாரி.

சொல் மலையாளம். பாற என்பது பாறை, அதில் குழப்பமில்லை. மட என்றால் விலங்கு தங்கும் குகை, பொந்து. புலி கிடக்கும் இடம் புலிமட. இதைத் தமிழில் எழுதும்போது 'பாறைமடை' என்று திருத்தத் தோன்றும். வேண்டாத வேலை. தமிழில் மடை என்றால் வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய். கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மட என்பதற்கு ஈடான பழந்தமிழ்ச் சொற்கள் அளை, முழை.

குவாரியின் கதை வேறு. சதுரத்தைக் குறிக்கும் இலத்தீன் வேரில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. கல்லைச் சதுரமாக வெட்டி எடுக்கும் இடம் என்பது அடிப்பொருள். இப்போது அங்கிருந்து லாரி ஏறுவது பெரும்பாலும் ஜல்லியும், கல்லை அரைத்துச் செய்யும் எம் சாண்டு மணலும்தான், சதுரமாவது ஒன்றாவது!

சதுரமாக வெட்டிய காலத்தில் வேலை கையால் நடந்தது. பாறையின் வாட்டம் பார்த்து, உளியால் வரிசையாகக் குழி போட்டு, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பு இறக்குவார்கள். சம்மட்டியால் ஒரே ஆப்பை அடித்துக்கொண்டிருக்கக் கூடாது. வரிசையாகத் தட்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். ஆப்பு இறுக இறுக ஓசை மாறும். காது பழகியவருக்குக் கல் பிளக்கப் போவது முன்பே தெரிந்துவிடும். மர ஆப்பைச் செருகித் தண்ணீர் ஊற்றி, அது ஊதிப் பாறையைப் பிளக்க விடுவது இன்னும் பழைய வழி. அம்மி, ஆட்டுக்கல்லைக் கொத்துவதற்குத் தமிழில் 'பொளிதல்' என்று தனிச் சொல்லே இருக்கிறது.

பாறமட இருக்கும் ஊர்களுக்குக் கல் வேலைக்கென்றே வந்தவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் போயர், ஆந்திரத்தில் வட்டெர என்று அறியப்படும் மக்களுக்குக் கல்லும் மண்ணும்தான் தொழில். வேலை இருக்கும் இடத்துக்குக் குடும்பத்தோடு போவார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சென்னைக்கும் கோழிக்கோட்டை அடுத்த பேப்பூருக்கும் 1862இல் ரயில் இணைந்தது. தண்டவாளத்துக்கு ஜல்லி வேண்டும். 1949இல் தொடங்கி 1955இல் திறக்கப்பட்ட மலம்புழா அணையோ கற்கட்டு அணை. அதற்கு எவ்வளவு கல் போயிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். பாலக்காடு அப்போது சென்னையோடு இருந்த மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் தாலுகா கொச்சியின் பங்கு, 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியின் பங்கு. 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் கேரளத்தில் சேர்ந்தன. கோவைப் பக்கமிருந்து மலபாருக்கு வேலைக்குப் போனவர், மாகாணம் மாறாமலே போனவர். எல்லைக்கோடு அப்புறம்தான் வந்தது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'கற்சுரங்கம்' எனக்குப் பிடிக்கவில்லை. சுரங்கம் என்றதும் நிலத்துக்கு அடியில் போகும் வழிதான் மனதில் வருகிறது. இதுவோ வானம் பார்த்த குழி. திருப்பூர்ப் பக்கம் 'பாறைக்குழி' என்கிறார்கள். திருச்சியில் 'கல்லுக்குழி' ஒரு பகுதியின் பெயராகவே நிற்கிறது. எழுத்து நடைக்குப் பாறைக்குழி போதும், வேறு சொல் ஆக்கத் தேவையில்லை. சித்தூர்க்காரர் தம் பேச்சில் பாறமட என்பதைக் குறை சொல்லவும் மாட்டேன்.

கைவிட்ட குழியில் மழைநீர் நின்றால் 'கல்குட்டை'. இந்தப் பெயரில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். குட்டை என்றதும் கால் நனைக்கிற ஆழம் என்று நினைத்து இறங்குகிறார்கள். ஏரி போலக் கரை சரிந்து போகாது; முதல் அடியிலேயே நேர் கீழே பல ஆள் ஆழம் இருக்கலாம்.