குளிர் அழுத்தமா, ஆறின அழுத்தமா? டயர் காத்துக்கு ஒரு சொல் விளக்கம்

மூணாவது தடவையா அதே சொல்ல பாத்துட்டேன், இனிமே எழுதாம இருந்தா எனக்கு தூக்கம் வராது. பிக்கப் டிரக்குக்கு எவ்வளவு காத்து வைக்கணும்னு தமிழ்ல விளக்குற ஒரு கையேடு. அதுல கொட்டை எழுத்துல "குளிர் அழுத்தத்தை மட்டுமே சரிபார்க்கவும்"னு போட்டிருக்கு. எந்த குளிர்? யாருக்கு குளிருது?

இத ஏன் இவ்வளவு தூரம் இழுக்கிறேன்னா, என் நண்பர் ஒருத்தர் பிக்கப் வெச்சிருக்கார், விவரமான ஆளு. இதே மாதிரி ஒரு வரிய எங்கயோ படிச்சுட்டு, வெயில்ல ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வந்த வண்டிய நிறுத்தி, நாலு டயர் மேலயும் ஒவ்வொரு பக்கெட் தண்ணிய ஊத்திட்டு உடனே காத்தழுத்தம் அளக்கிற கேஜ் வெச்சு பாத்திருக்கார். "அதான் குளிர வெச்சுட்டேனே"ன்னு என்கிட்ட பெருமையா வேற சொன்னார். எனக்கு சிரிப்பு வந்துச்சு, ஆனா அவர்மேல தப்பு சொல்ல முடியல. அந்த வரி சொன்னத அப்படியே செஞ்சிருக்கார், அவ்வளவுதான். மேல ரப்பர் நனைஞ்சு சில்லுனு ஆயிருக்கும், ரப்பர் சூட்ட சீக்கிரம் கடத்தாதுங்கிறதால உள்ள இருக்கிற காத்து அதே சூட்டுலதான் இருந்திருக்கும்.

சரி, அந்த சொல்லுக்கு உண்மையில என்ன அர்த்தம்? வண்டி ஓடும்போது டயர் ஒவ்வொரு சுத்துக்கும் நசுங்கி நிமிருது, அதுல சூடு பிறக்குது, உள்ள அடைஞ்சிருக்கிற காத்து சூடாகி அழுத்தம் ஏறுது. சாதாரணமா 35 பிஎஸ்ஐ (காத்தழுத்தத்த அளக்கிற அலகு) வைக்கிற டயர்ல 4 பிஎஸ்ஐ வரைக்கும், சில சமயம் அதுக்கு மேலயும் ஏறும். அதனால கம்பெனிக்காரங்க அளவு குறிக்கும்போது அந்த ஓட்டத்து சூட்ட கணக்குல சேக்காம, வண்டி கொறஞ்சது மூணு மணி நேரமாவது நின்னிருக்கணும், இல்லன்னா ஒண்ணு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல ஓடாம இருந்திருக்கணும், அந்த நிலைமையில என்ன அழுத்தமோ அதத்தான் குறிக்கிறாங்க. ஆங்கிலத்துல இதுக்கு கோல்டு பிரஷர்னு பேர் வெச்சிருக்காங்க. அங்கயும் அந்த கோல்டுக்கு குளிருன்னு அர்த்தம் இல்ல. இன்ஜின கோல்டு ஸ்டார்ட் பண்றதுன்னா ஐஸ்ல வெச்சு ஸ்டார்ட் பண்றதுன்னு யாரும் எடுத்துக்கிறது இல்லையே, ஓடாம கிடந்த இன்ஜின்னுதானே அர்த்தம். தொழில் வழக்கு அது. மொழிபெயர்த்தவர் அந்த தொழில் பக்கமே எட்டிப் பாக்காம அகராதிய தொறந்திருக்கார், முதல் வரியில குளிர்னு இருந்திருக்கு, எடுத்து ஒட்டிட்டார்.

மத்த சொல்லுங்களோட கதைய சீக்கிரம் முடிச்சுடுறேன், அதுல பெருசா சண்டை இல்ல. அழுந்துன்னா தானா அழுந்துறது, அழுத்துன்னா நாம அழுத்துறது, அதுலேர்ந்து அழுத்தம். பிரஷருக்கு லத்தீன்ல இருக்கிற வேருக்கும் அதே அர்த்தம்தான். டயர்ங்கிற சொல்லு ஆங்கிலத்துல உடுப்புன்னு அர்த்தம் வர்ற ஒரு சொல்லோட தலைய வெட்டின வடிவம், சக்கரத்துக்கு இரும்புப் பட்டைய உடுத்தி விட்ட காலத்துல வந்தது. அப்ப உள்ள காத்தே கிடையாது. காத்தடைச்ச டயருக்கு 1845ல ராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை வாங்கினார், யாரும் கண்டுக்கல, 1888ல டன்லப் தனியா அதையே மறுபடி செஞ்ச பிறகுதான் பரவுச்சு. அதனால டயர உருளிப்பட்டைன்னு சொல்றவங்களுக்கு ஒரு சின்ன தகவல், நீங்க சொல்ற பட்டை அந்த இரும்புக் காலத்து டயருக்குத்தான் கச்சிதமா பொருந்துது. நான் டயர்னே எழுதுறேன். எல்லாருக்கும் புரியுது, விட்டுடுங்க.

இப்ப முக்கியமான சண்டைக்கு வர்றேன். குளிர்ங்கிறது நம்ம உடம்பு உணர்ற ஒண்ணு. மார்கழி குளிர், காய்ச்சல் குளிர், தண்ணி குளிருது, எல்லாமே சாதாரண நிலைக்கு கீழ போனதத்தான் சொல்லுது. ஆனா டயர் விஷயத்துல சுத்தி இருக்கிற காத்து 40 டிகிரி கொதிச்சாலும், நிழல்ல மூணு மணி நேரம் நின்ன டயர் கணக்குப்படி கோல்டுதான்! தொட்டா வெதுவெதுன்னு இருக்கும், அத போய் குளிர்னு எந்த தமிழன் சொல்லுவான்?

இதுல இன்னொரு வில்லங்கம் இருக்கு. குளிருக்கு இதே விஷயத்துல சொந்தமா ஒரு வேலை இருக்கு. வெளி வெப்பநிலை அஞ்சரை டிகிரி செல்சியஸ் இறங்கினா 35 பிஎஸ்ஐ டயர்ல ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும், பாரவண்டிக்கு 80 பிஎஸ்ஐ வைக்கிற டயர்ல ரெண்டு பிஎஸ்ஐ பக்கம் இறங்கும். இத சொல்லணும்ல? குளிர் அழுத்தம்ங்கிற சொல்ல வெச்சுக்கிட்டு சொல்லிப் பாருங்க, "குளிர்காலத்தில் குளிர் அழுத்தம் குறையும்". படிக்கிறவன் குளிர்காலத்துக்கு ஒரு அளவு, வெயில்காலத்துக்கு ஒரு அளவுன்னு ரெண்டு இருக்கு போலன்னு நெனைப்பான், நெனைக்கிறாங்க, என்கிட்டயே ஒருத்தர் "நமக்கு குளிர் அழுத்தம் வேணாம், அது பனி பெய்யிற ஊருக்கு"ன்னு அடிச்சு பேசினார்.

இதுக்கு மாத்தா தனித்தமிழ் நண்பர் ஒருத்தர் "தண்ணழுத்தம்"னு ஒண்ணு கொண்டு வந்தார். கேக்க அழகாத்தான் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா தண்மைங்கிறது இதமான குளிர்ச்சி, தண்ணிழல், தண்ணளின்னு மனசுக்கு சுகமான எடத்துல வர்ற சொல்லு. குளிர்ங்கிறதுல இருந்த தப்பு அப்படியே இருக்கு, மேல கொஞ்சம் சந்தனம் பூசின மாதிரி. அவர் "வேர் தூய தமிழ்"ங்கிறார். அய்யா, குளிரும் தூய தமிழ்தான், அதுல யாருக்கு சந்தேகம்? தூய வேர எடுத்து தப்பான எடத்துல நட்டா அது எப்படி தூய்மை ஆகும்? ரெண்டு நாள் வாதாடினோம். கடைசியில அவர் "தண்ணிலை வளியழுத்தம்"னு நீட்டினார். வளியழுத்தம்னா வானிலை அறிக்கைதான் ஞாபகம் வருது, டயருக்குள்ள புயல் சின்னம் உருவாகிற மாதிரி இருக்குன்னு சொன்னேன். இப்ப அவர் என்கூட பேசுறது இல்ல.

இயந்திர மொழிபெயர்ப்ப பத்தி சொன்னா அழுகைதான் வரும். காத்தடிக்கிறதுக்கு ஆங்கிலத்துல இருக்கிற சொல்லும் விலைவாசி ஏறுறதுக்கு இருக்கிற சொல்லும் ஒண்ணுங்கிறதால "டயர் பணவீக்கம்"னு வருது. டயருக்கும் களைப்புக்கும் அமெரிக்க எழுத்துக்கூட்டல் ஒண்ணுங்கிறதால "சோர்வு அழுத்தம்"னும் வருது. மெஷின் பாவம், அதுக்கு கேஜ் புடிச்சு பழக்கம் இல்ல. மனுஷங்க அத ஒரு தடவ கூட வாசிச்சுப் பாக்காம அச்சுக்கு அனுப்புறாங்களே, அவங்கள என்ன சொல்றது.

நான் சொல்ற சொல்லு ஆறின அழுத்தம், எழுத்து வழக்குல ஆறிய அழுத்தம். ஆறுங்கிற வினைய யோசிச்சுப் பாருங்க. பால் ஆறிடுச்சுன்னா பால் ஐஸ் ஆயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, தன் சூட்ட விட்டு சுத்தி இருக்கிற காத்தோட நிலைக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். உச்சி வெயில் அடிச்சாலும் பால் ஆறும். கோல்டு பிரஷருக்கு இத விட துல்லியமா வேற எந்த சொல்லும் சொல்லாது. அதுக்கு மேல, ஆறுக்குள்ள ஓய்வும் இருக்கு: இளைப்பாறு, களைப்பாறு, ஆற அமர, ஆறப்போடு. சூடு தணியிறதும் ஓட்டத்த நிறுத்தி இருக்கிறதும் ஒரே வினையில. மூணு மணி நேரம் நிக்கணும்ங்கிற விதியே அந்த சொல்லுக்குள்ள உக்காந்திருக்கு, தனியா அடைப்புக்குறி போட்டு விளக்க வேண்டாம். "ஆறின டயர்ல பாருங்க"ன்னு சொன்னா என் நண்பர் தண்ணி ஊத்தியிருக்கவே மாட்டார், ஆறட்டும்னு போய் படுத்திருப்பார்.

ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். ராத்திரி முழுக்க நின்ன வண்டி காலையில சூடே ஆகலையே, சூடாகாதது எப்படி ஆறும்? நேத்து ஓடினதுதானே, ராத்திரி ஆறிடுச்சு. புது டயர்னா? புது டயருக்கு ஓடாத டயர்னு சொல்லிட்டுப் போங்க, அதுவும் நல்ல தமிழ்தான். ஆனா ஓடாத அழுத்தம்னு பொதுவா வெச்சா, வெயில்ல நின்ன வண்டிய என்ன பண்றது? ஓடல, ஆனா ஒரு பக்கத்து டயர் வெயில் பட்டு சூடாயிருக்கும், அந்த பக்கம் கேஜ் கூட காட்டும். அது ஓடாத டயர்தான், ஆறின டயர் இல்ல. சொல்லு பாருங்க எவ்வளவு சுளுவா பிரிக்குதுன்னு.

பிக்கப் வெச்சிருக்கிறவங்களுக்கு இது வெறும் சொல் சண்டை இல்ல. கார்ல நாலு பேர் ஏறினாலும் ஏறலனாலும் பெரிய வித்தியாசம் இல்ல, பிக்கப்புக்கு பின்னாடி காலியா போறதும் ஒரு டன் ஏத்திட்டு போறதும் வேற வேற வண்டி மாதிரி. டிரைவர் கதவ தொறந்தா சட்டத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல முன்னாடிக்கு ஒரு அளவு, பின்னாடிக்கு ஒரு அளவு போட்டிருப்பாங்க, சில வண்டிக்கு பாரம் ஏத்தும்போது பின்னாடி எவ்வளவு ஏத்தணும்னு கையேட்டுல தனியா இருக்கும். அது எல்லாமே ஆறின அளவு. டயர் பக்கச்சுவர்ல அச்சடிச்சிருக்கிற நம்பர் வேற, அந்த டயர் அதிகபட்ச பாரம் தாங்குறதுக்கான அளவு அது, வண்டிக்கு சொன்னது இல்ல. பாரவண்டி டயர்ல இ ரகம்னா (எவ்வளவு பாரம் தாங்கும்னு காட்டுற ஆங்கில எழுத்து E) வழக்கமா 80 பிஎஸ்ஐனு இருக்கும், காலி வண்டிக்கு அத வெச்சீங்கன்னா பின்பக்கம் தூக்கித் தூக்கி போடும், டயர் நடுவுல மட்டும் தேயும், மழையில பிடிப்பும் போகும்.

இப்ப அந்த தப்பான சொல்ல இங்க கொண்டு வந்து வெச்சுப் பாருங்க. ஸ்டிக்கர்ல 35னு இருக்கு. ஓடி வந்த சூட்டுல பாத்தா கேஜ் 39 காட்டுது. ஆறணும்ங்கிறது புரியாதவர் "அய்யய்யோ ஜாஸ்தி"ன்னு 4 பிஎஸ்ஐ இறக்கிவிட்டுடுவார். மறுநாள் காலையில ஆறினதும் 31. அதோட பாரத்த ஏத்துவார். பக்கச்சுவர் அதிகமா மடங்கும், சூடு இன்னும் ஏறும், அந்த சூட்டுலதான் டயர் மேல்பட்டை பிரியிறது எல்லாம் நடக்குது. 4 பிஎஸ்ஐ தானேன்னு சொல்லாதீங்க, 2000ல அமெரிக்காவுல இப்படி மேல்பட்டை பிரிஞ்சு விபத்து ஆனதால 65 லட்சம் ஃபயர்ஸ்டோன் டயர திரும்ப வாங்கினப்ப, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரருக்கு வண்டி கம்பெனி சொன்ன அளவு 26, டயர் கம்பெனி 30 வெச்சிருக்கணும்னு வாதாடுச்சு. காரணம் அது ஒண்ணு மட்டும் இல்ல, ஆனா ரெண்டு பெரிய கம்பெனி மல்லுக்கு நின்ன வித்தியாசம் அதே 4தான்.

காத்து அடிக்கிற எடத்துல நிக்கிறவங்க பேச்ச கேட்டிருந்தாலே இந்த வம்பு வந்திருக்காது. காத்து புடிங்க, காத்து கொறைங்க, காத்து எறங்கியிருக்கு, சூட்டுல பாக்காதீங்க, ஆறட்டும்னு எல்லா சொல்லும் அவங்க வாயிலயே இருக்கு. கலைச்சொல் பண்றவங்க ரூம்ல உக்காந்து பண்றாங்க, அங்க டயர் இல்ல. "பரிந்துரைக்கப்பட்ட குளிர்நிலை ஊதல் அழுத்தம்"னு எழுதினா பெரிய வேலை செஞ்ச மாதிரி இருக்கும் போல, "ஆறிய டயரில் வைக்க வேண்டிய காற்று"ன்னு எழுதினா சம்பளம் கொறைச்சுடுவாங்களோ என்னவோ.

சூட்டுல பாத்து கூட காட்டினா இறக்காதீங்க. சூட்டுலயே ஸ்டிக்கர் அளவுக்கு கீழ காட்டினா மட்டும் அந்த அளவுக்கு மேல ஒரு நாலு சேத்து அடிச்சுக்கிட்டு வீட்டுக்கு போங்க, ஆறினதும் மறுபடி பாத்துக்கலாம்.